குறை சொல்லத் தோதான இடம்

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் அதை ஒட்டிய மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் பகுதிகளிலும் இன்று ஒரு குடும்பம் திரையைத் தொடாமல் மாதத்தைக் கடத்த முடியாது. வேலைக்கு வந்ததற்கான பதிவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, ரேஷன் கடையில் கைரேகை, சிலிண்டர் பதிவு, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய லைஃப் சர்டிபிகேட் என்று எல்லாமே பொத்தான்களும் பெட்டிகளுமாகிவிட்டன. சுரங்கத்துக்குள்ளும் அனல் மின் நிலையத்துக்குள்ளும் திரைகள் இன்னும் அதிகம். இவற்றை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். நெய்வேலியில் இவற்றோடு மல்லுக்கட்டுபவர் யார், எங்கே நின்றுகொண்டு, என்ன அவசரத்தில் அதைத் தொடுகிறார் என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அதைக் கண்ணில் படவைக்கும் வழிதான் பயன்பாட்டுச் சோதனை. செயலியோ கருவியோ மக்கள் கைக்குப் போவதற்கு முன் நாலைந்து பேரை அழைத்து, ஒரு வேலையைச் சொல்லி, அதைச் செய்யவிட்டு, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனிப்பது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் அந்த நாலைந்து பேரை எங்கே உட்காரவைக்கிறோம், யார் அழைத்தார்கள், எதிரில் யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள் என்பவற்றைப் பொறுத்து ஒரே செயலிக்கு "நல்லா இருக்கு சார்" என்ற பதிலும் கிடைக்கும், பத்துப் பக்கக் குறைப்பட்டியலும் கிடைக்கும். வசதியான, பயன்தரும் சூழலை எப்படி அமைப்பது என்று எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை நாற்காலி, விளக்கு, கேமரா பற்றிப் பேசுகின்றன. அவையும் வேண்டும்தான். என் தொழில் அனுபவத்தில் உறுதிப்பட்ட ஒன்று உண்டு: வசதி செய்துதர வேண்டியது வந்திருக்கும் ஆளுக்கு, அவர் செய்யப்போகும் வேலைக்கு அல்ல. ஆளின் பயத்தைப் போக்க வேண்டும், வேலையின் தூசியைப் போக்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலான சோதனைகள் வீணாகின்றன.

இந்த முறை வளர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1980களில் பெரிய கணினி நிறுவனங்கள் இதற்கென்றே அறைகள் கட்டின. ஒரு பக்கம் மேசை, கணினி, சோதனைக்கு வந்தவர். மறுபக்கம் இருட்டறை. நடுவில் இங்கிருந்து அங்கே தெரியாத கண்ணாடி. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யச் சொல்லும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இந்தத் துறைக்குள் கொண்டுவந்தார். அப்படிச் சொல்லப்படும் சொற்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இலேயே உளவியல் வழியில் விரிவாக ஆராய்ந்திருந்தார்கள். 1989இல் ஜேக்கப் நீல்சன், இவ்வளவு செலவு வேண்டாம், எளிய முறையில் சிலரை வைத்தே செய்யலாம் என்று வாதிட்டார். 1993இல் அவரும் தாமஸ் லாண்டவரும் வெளியிட்ட கணக்கின்படி ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுக்கிறார்; ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிவந்துவிடும். ஸ்டீவ் கிரக் மாதம் ஒரு காலைப்பொழுதும் மூன்று பேரும் போதும் என்று எழுதினார். அறை சுருங்கியது, கண்ணாடி போனது, ஆள் எண்ணிக்கை குறைந்தது. ஓர் அனுமானம் மட்டும் அப்படியே நின்றது: முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பொருளை ஒரு மனிதர் தயங்காமல் குறை சொல்வார் என்பது.

நம் ஊரில் அது நடக்காது. வீட்டுக்கு வந்தவர் காட்டும் பொருளைப் பழிப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். இது வெறும் அபிப்பிராயம் அல்ல, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2012இல் நிக்கோலா டெல் முதலானோர் பெங்களூரில் 450 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு தொழில்நுட்பங்களைக் காட்டி, இவற்றில் ஒன்று கேள்வி கேட்பவர் உருவாக்கியது என்று தெரியவிட்டார்கள். அதையே சிறந்தது என்று சொல்லும் வாய்ப்பு இரண்டரை மடங்கு கூடியது. கேள்வி கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு. அவருடையதை வேண்டுமென்றே மட்டமாக்கிக் காட்டியபோதும் அதையே நல்லது என்றார்கள். 2006இல் ரவி வத்ரபுவும் மானுவேல் பெரெஸ் கினோனெஸும் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது: அமெரிக்கரிடம் சொன்னதைவிட இந்தியரிடம் இந்தியர்கள் அதிகக் குறைகளைச் சொன்னார்கள், அதிக யோசனைகளையும் கொடுத்தார்கள்.

இதற்கு மாற்று கண்டவர்களில் முக்கியமானவர் அபலா லாஹிரி சவான். இந்தியப் பயனர்கள் குறை சொல்லத் தயங்குவதைக் கண்டு, 2000களின் தொடக்கத்தில் அவர் ஒரு சினிமாக் கதையைச் சோதனைக்குள் கொண்டுவந்தார். உங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு கூலிக்கொலைகாரன், ஏற்கெனவே மணமானவன் என்று உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவன் மனைவியை அழைத்துக்கொண்டு உடனே பெங்களூருக்கு விமான டிக்கெட் போட வேண்டும். இந்தப் பதற்றத்துக்குள் இறக்கிவிட்டதும், அதுவரை வாய் திறக்காதவர்கள் டிக்கெட் விற்கும் தளத்தைத் திட்டத் தொடங்கினார்கள். பாலிவுட் முறை என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. சபை நாகரிகத்தை மறக்கடிக்கும் நெருக்கடி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவதே இதன் சூட்சுமம். நகரத்து இளைஞர்களிடம் இது எடுபடும். நெய்வேலியில் அறுபது வயதுக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். இங்கே வேறு வழி தேட வேண்டும். அதற்கு முதலில் இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 2016இல் அதன் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் ஆனது. டவுன்ஷிப் முழுவதும் வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அகலமான தெருக்கள், மரநிழல், பள்ளி, மருத்துவமனை, கடைவீதி எல்லாம் உண்டு. குவார்ட்டர்ஸின் அளவைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் கிரேடைச் சொல்லிவிடலாம். நிரந்தரத் தொழிலாளி, கூட்டுறவு சொசைட்டி வழியாக வேலை செய்யும் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, எஞ்சினியர், அதிகாரி என்ற வரிசை வேலையிடத்தோடு நிற்பதில்லை. கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் கூடவே வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியை அவருடைய சூப்பர்வைசர் மூலம் சோதனைக்கு அழைத்தால், அவர் அறைக்குள் நுழையும் முன்பே பதில் முடிவாகிவிடுகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையில் இருப்பவர் திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஏன் சொல்லப்போகிறார்?

ஆகவே இங்கே இடம் அமைப்பது என்பது அழைப்பிலேயே தொடங்குகிறது. அலுவலகச் சுற்றறிக்கை வேண்டாம். தொழிலாளியோடு தொழிலாளியாகப் பழகும் ஒருவர், தொழிற்சங்கத்தில் எல்லா அணிக்கும் வேண்டியவராக இருக்கும் ஒருவர், சுயஉதவிக் குழுவை நடத்தும் ஒரு பெண் என்று யார் மூலமாவது போக வேண்டும். கட்டடமும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. பயிற்சி மையம் வசதியானது: ஏ.சி. இருக்கும், புரொஜெக்டர் இருக்கும், மின்சாரம் போகாது. ஆனால் பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதிய, கேள்விக்குப் பதில் சொல்லத் திணறிய இடமும் அதுவே. அங்கே உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. ஒரு நூலகத்தின் பக்க அறையோ, ஞாயிறன்று சும்மா கிடக்கும் பள்ளி வகுப்பறையோ, வீட்டு வராந்தாவோ அதைவிட எத்தனையோ மேல்.

வடக்குத்தில் அப்படி ஒரு வராந்தாவில் நடந்ததைச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஓய்வுபெற்றவர்கள் பலர் வீடு கட்டிக் குடியேறும் பகுதி அது. அந்த வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உயிரோடு இருப்பதை முகத்தைக் காட்டி உறுதிசெய்யும் செயலி ஒன்றின் மாதிரியை ஒரு சிறு குழு தயாரித்துக்கொண்டிருந்தது. மத்திய அரசின் ஜீவன் பிரமான் என்ற எண்முறை லைஃப் சர்டிபிகேட் 2014 நவம்பரிலேயே வந்துவிட்டது, 2021 முதல் முகத்தை வைத்து அடையாளம் காணும் வசதியும் அதில் இருக்கிறது. அந்த வழியில் இன்னொரு முயற்சி இது. பெரியவரிடம் அவருடைய சொந்த போனிலேயே செய்யச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றச் சொன்னது திரை. கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்து, கண்ணைச் சிமிட்டுங்கள் என்று சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் அதைப் படிக்க முடியவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். உடனே செயலி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் தெருவெளிச்சம் வேறு. திரையில் அவர் முகம் கறுப்பாகத் தெரிந்தது. மூன்றாம் முறையும் இதே கதை.

"எம்மேலதான் தப்பு தம்பி. படிப்பு கம்மி, நமக்கு இதெல்லாம் வராது" என்று போனை என் பக்கம் நகர்த்தினார்.

அப்படி இல்லீங்க ஐயா, உங்கள் மேல் தப்பில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அது ஆறுதல் வார்த்தையாகத்தான் அவர் காதில் விழும். எனவே பேச்சை மாற்றி, "ஐயா, ராத்திரி ஷிப்ட்ல பெல்ட் நின்னு போச்சுன்னா எங்க கோளாறுன்னு எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டேன். முகமே மாறியது. தலைப்பக்கம் பார்ப்போம், ரோலர் சுத்துதா பார்ப்போம், பெல்ட் ஒரு பக்கமா ஓடுதா பார்ப்போம் என்று கையை அசைத்து அசைத்துச் சொன்னார். "அதே மாதிரி இதையும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. இது இன்னும் ஓட்டத்துக்கு வரல, ட்ரையல்லதான் இருக்கு" என்றேன். போனைத் திரும்ப எடுத்தார். அடுத்த கால் மணி நேரம் அவர் சொன்னதை எழுதிக்கொள்ளத்தான் நேரம் சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு எழுத்தைப் படிக்கச் சொல்பவனுக்கு என்ன யோசனை என்றார். வாயால் சொன்னால் என்ன, ரயில்வே ஸ்டேஷனில் சொல்லவில்லையா என்றார். தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று காட்டாமல் மொத்தத்தையும் மறுபடி ஓட்டச் சொல்கிறதே, பெல்ட்டுக்கே நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோமே என்றார்.

அவர் கேட்டவை எல்லாம் வடிவமைப்பாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அவரைத் தேர்வு எழுதுபவராக உட்காரவைத்தபோது வராதவை, பரிசோதகராக உட்காரவைத்ததும் வந்தன. நெய்வேலியில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. பழுது பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களை எளிய பயனர் என்று எண்ணிப் பேசுவது அறிவீனம் மட்டுமல்ல, அவமரியாதையும்கூட.

அந்த வராந்தாவிலிருந்தே அறைக்கான பொருள்களையும் பார்த்துவிடலாம். முதல் பொருள் படிக்கும் கண்ணாடி. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, புரியாததுபோல் நடந்துகொள்வார்கள். நாமும் செயலிதான் புரியவில்லை என்று தப்பாகக் குறித்துக்கொள்வோம். ஒன்றரை, இரண்டு, இரண்டரை பவரில் சில கண்ணாடிகளை மேசைமேல் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் போதும். மின்விசிறி இன்னொரு தொல்லை. கடலூர் மாவட்டத்து மே மாதத்தில் அதை நிறுத்தவும் முடியாது, ஓடவிட்டால் ஒலிப்பதிவில் காற்று மட்டும்தான் கேட்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக் இதைத் தீர்த்துவிடுகிறது. ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் தெரியாது. பக்கவாட்டில் இருப்பதே நல்லது. நாற்காலிகள் ஒரே உயரம், ஒரே வகையாக இருக்க வேண்டும். சோதனை நடத்துபவருக்குச் சுழல் நாற்காலியும் வந்தவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டால் யார் பெரியவர் என்பது பேசாமலே தெரிந்துவிடும். எதிரெதிராக உட்காராமல் ஒரே பக்கம் சற்றுச் சாய்வாக உட்கார வேண்டும். டீ முதலில் வரட்டும், நடுவில் வேண்டாம்.

பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். முடிந்தபின் கொடுப்பதாகச் சொன்னால், அது நல்ல வார்த்தைக்குக் கிடைக்கும் கூலி என்று எண்ணம் வந்துவிடும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருபவருக்கு ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாமல், உறையில் போட்டு, வந்ததும் கையில். "எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம், காச திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். எழுந்து போகலாம் என்று தெரிந்தவர்தான் நிம்மதியாக உட்காருவார்.

கேமரா விஷயத்தில் நம் துறை மிகவும் அலட்சியமாக நடந்துகொள்கிறது. ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முகத்தைப் பதிவுசெய்வது இன்னும் நடக்கிறது. 2023இல் நிறைவேறிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழில் இருந்தால் மட்டும் போதாது, வாசித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலான சோதனைகளுக்கு முகமே தேவையில்லை. திரையும் விரலும் குரலும் போதும். போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து மேலிருந்து விரல்களை மட்டும் எடுத்தால் வந்தவரின் தோள் தளர்வதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

பெண்களை அழைக்கும்போது நேரமும் வாசலும் சேர்ந்துகொள்கின்றன. கணவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பகல்பொழுதில் வீட்டில் சோதனை நடத்த முடியாது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் அவர் மனம் வாசலில்தான் இருக்கும். ஷிப்ட் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே நேரம் குறிக்க வேண்டிய ஊர் இது. வாசலைப் பற்றிப் பேசினால் எம்பலம் நினைவுக்கு வருகிறது. நெய்வேலியிலிருந்து வடகிழக்கே, புதுச்சேரிப் பகுதியில் உள்ள கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்த வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, எம்பலத்தில் மையம் அமைந்தது கோயில் கட்டடத்தில். கோயிலுக்குள் தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் நுழைய முடியாத நிலை அன்று. கணினி இருந்த அறைக்குத் தனி வாசல். அதன் வழியே யாரும் வரலாம். ஒரே கட்டடம், இரண்டு வாசல். அந்தத் தனி வாசல் இல்லாமல் போயிருந்தால், கணினிக்கு முன் யார் உட்கார்ந்திருப்பார்கள், யாருடைய தடுமாற்றம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே திட்டம் நடந்த வீராம்பட்டினம் என்ற கடலோரக் கிராமத்தில் மீனவர்கள் கணினியைத் தொட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலையுயர முன்னறிவிப்பை எடுத்துக் குழாய் ஒலிபெருக்கியில் கரைக்கே அறிவித்தார்கள். எந்த இடத்தில், எந்த வடிவில் அந்தச் செய்தி வேண்டும் என்பதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றும்.

தனியாக உட்காரக் கூச்சப்படுபவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைக்கலாம். ஜப்பானிய ஆய்வாளர் நவோமி மியாகே 1986இல் வெளியிட்ட ஆய்வில், தையல் இயந்திரம் எப்படித் தையல் போடுகிறது என்பதை இரண்டு பேர் சேர்ந்து பேசிப் பேசிப் புரிந்துகொள்வதைப் பதிவு செய்தார். மனதில் ஓடுவதைச் சொல்லுங்கள் என்று கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் தோழி இருந்தால் தானாக வருகிறது. "ஏய் இத அமுக்கிப் பாருடி", "வேணாம்கா, காசு போயிடப் போவுது" என்ற இரண்டு வரி, பணம் அனுப்பும் செயலியின் மேல் இருக்கும் அவநம்பிக்கையை முழுசாகக் காட்டிவிடும். ஒரே நிபந்தனை, இருவரும் சமமாக இருக்க வேண்டும். தாத்தாவையும் பேரனையும் சேர்த்து உட்காரவைத்தால் அரை நிமிஷத்தில் போன் பேரன் கைக்குப் போய்விடும். மாமியாரும் மருமகளுமாக வந்தால் ஒருவர் பேசமாட்டார். யார் என்பது வீட்டைப் பொறுத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆளுக்கான வசதி. வேலைக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. சுரங்கத்தில் பயன்படுத்தப்போகும் ஒரு கைக்கருவியை ஏ.சி. அறையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். வெயிலில் அந்தத் திரை கண்ணுக்குத் தெரியாது, கையுறை போட்ட விரலுக்குப் பொத்தான் சிக்காது, பழுப்பு நிலக்கரித் தூசி படிந்த கண்ணாடியில் தொடுதல் பதியாது. வாளியின் கொள்ளளவை வைத்து 700 லிட்டர் மெஷின், 1400 லிட்டர் மெஷின் என்று சொல்லப்படும், சுரங்கத்தைத் தோண்டும் பெரும் சக்கர இயந்திரங்களின் கேபினில் இருப்பவருக்கு அதிர்வும் சத்தமும் நிற்பதே இல்லை. எச்சரிக்கை ஒலி ஒன்று போதுமா என்பதை அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் கேட்டுப்பார்க்க முடியும். பல ஆண்டு கல்லும் மண்ணும் பட்டுத் தேய்ந்த விரலுக்குக் கைரேகைக் கருவி என்ன பதில் சொல்கிறது என்பதை அலுவலக ஊழியரின் விரலை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

வேலையை அதன் இடத்திலேயே வைத்துச் சோதிப்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. வாக்களித்ததைக் காகிதச் சீட்டில் காட்டும் விவிபேட் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2011 ஜூலையில் லடாக், திருவனந்தபுரம், சிரபுஞ்சி, கிழக்கு டெல்லி, ஜெய்சால்மர் ஆகிய ஐந்து இடங்களில் சோதித்தது. குளிர், கடலோர ஈரம், ஓயாத மழை, நகர நெரிசல், பாலைவன வெப்பம் என்று நாட்டின் பலவகைச் சூழல்களும் அந்த ஐந்துக்குள் வந்துவிட்டன. அதன் பிறகே 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அது முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

கட்டுப்பாட்டு அறைகளை வேறு வகையில் அணுக வேண்டும். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்து 2020இல் ஓய்வுபெற்றது. மானிகளும் சுவிட்சுகளும் நிறைந்த அந்தக் காலத்துப் பலகைகளிலிருந்து இன்றைய 500 மெகாவாட் அலகுகளின் கணினித் திரைகள்வரை எல்லாத் தலைமுறையையும் பார்த்த ஊர் இது. ஓடிக்கொண்டிருக்கும் அலகில் சோதனை நடத்த முடியாது. அதற்கு அசல்போன்ற மாதிரி அறை வேண்டும், நெருக்கடியும் அசல்போல வேண்டும். ஏன் என்பதற்கு 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்தது சாட்சி. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கு, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. மூடச் சொல்லி ஆணை போனதா என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்ததைப் பார்த்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலறின. வால்வு திறந்திருப்பது தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பகல் பதினோரு மணிக்கு, காபி குடித்துக்கொண்டு, ஒரே ஒரு விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் எந்த ஆபரேட்டரும் குறை சொல்லியிருக்க மாட்டார். விடியற்காலை நாலு மணியும் நூறு அலாரமும் சேரும்போதுதான் அந்த விளக்கு என்ன செய்யும் என்பது தெரியும். நைட் ஷிப்ட்டில் பயன்படும் திரையை நைட் ஷிப்ட்டிலேயே, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும்.

நெய்வேலியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, பெரும்பாலான சோதனைகளில் விடுபட்டுப்போகும் கூட்டம். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்தவர்கள், கொடுக்க வேண்டியிருப்பவர்கள். இழப்பீட்டுக்கும் மறுகுடியமர்வுக்கும் அவர்கள் நிரப்ப வேண்டிய விண்ணப்பங்களும் நாளுக்கு நாள் இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் பணிக்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதும், அதையொட்டி நடந்த போராட்டமும் தமிழ்நாடு முழுவதும் அறிந்தவை. அந்த ஊர்க்காரர் ஒருவரை நிறுவனத்தின் கட்டடத்துக்குள் அழைத்து, இந்தப் படிவம் எளிமையாக இருக்கிறதா என்று கேட்பது எந்த வகையில் நியாயம்? படிவத்தைத் தொட்டாலே சம்மதம் கொடுத்ததாகிவிடுமோ என்று அவர் பயப்படுவார். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அவர்கள் ஊரில், அவர்கள் நம்பும் ஆளை அருகில் வைத்து, பொய்ப் பெயரும் பொய்ச் சர்வே எண்ணும் கொண்ட மாதிரிப் படிவத்தில்தான் செய்ய வேண்டும். இது நிஜ விண்ணப்பம் இல்லை என்று படிவத்தின் தலையிலேயே பெரிதாக எழுதியிருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நிலத்தைப் பற்றிய பேச்சாகத்தான் போகும். அதையும் கேட்க வேண்டும். படிவம் எங்கே தவறுகிறது என்பது அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கும்.

ஐந்து பேர் போதும் என்ற கணக்கை இந்த ஊரில் எப்படிப் பொருத்துவது என்பதும் இங்கே தெளிவாகிறது. அது ஒரே மாதிரியான ஐந்து பேருக்கான கணக்கு. நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, ஓய்வுபெற்றவர், வீட்டுப் பெண்கள், நிலம் கொடுத்தவர் என்று ஒவ்வொரு தரப்பிலும் மூன்று பேரையாவது பார்க்காமல் நெய்வேலியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பார்வையற்றோரையும் கை நடுக்கம் உள்ளவர்களையும் தனித் தரப்பாக ஒதுக்காமல் இவர்களுக்குள்ளேயே சேர்த்து அழைக்க வேண்டும்.

இதில் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. சில கண்ணாடிகள், மைக், டீ, சம்பள உறை, பஸ் கட்டணம், கொஞ்சம் பொறுமை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பொதுத்துறையும் அரசு அலுவலகங்களும் மென்பொருள் வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளியில் சர்வர் எவ்வளவு, பாதுகாப்புச் சான்று எது, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அரசு இணையதளங்களுக்கான இந்திய வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்து, பயன்பாட்டையும் அணுகலையும் வலியுறுத்துகிறது. ஆனால் யாரை வைத்து, எந்த இடத்தில், யார் இல்லாதபோது சோதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்துக்குள் எழுதப்பட்டால்தான் நடக்கும். பயன்படுத்தப்போகிறவர்களைக் கொண்டு, அவர்களுடைய சொந்த போனில், அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் சோதிக்க வேண்டும். வாங்கும் அலுவலகத்தின் அதிகாரி யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பெயரை நீக்கிவிட்டு அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே அறிக்கையில் தர வேண்டும். திருத்திய பிறகு அதே ஆட்களிடம் திரும்பக் காட்டினால்தான் கடைசித் தவணைப் பணம். இந்த நாலு வரிகள் ஒப்பந்தத்தில் ஏறாதவரை, சோதனை என்பது மாநாட்டு அறையில் அதிகாரிகள் முன்னிலையில் கம்பெனிக்காரர் தானே பொத்தான்களை அமுக்கிக் காட்டும் டெமோவாகத்தான் நடந்துகொண்டிருக்கும்.